திருட்டுப் போகிறது ஒரு வருஷம்!

"ஒரு நாள்தானே" என்று விடுகிற லீவு, ஐந்தாம் வகுப்பு முடிவதற்குள் என்ன செய்கிறது?

சென்னை நகரில் பர்ஸ் போனால் போலீசுக்குப் புகார் போகிறது. சைக்கிள் போனால் தெருவே கூடித் தேடுகிறது. ஆனால் சின்னப் பிள்ளைகளின் படிப்பில் ஒரு வருஷம் முழுசாகத் திருட்டுப் போகிறது. அதற்குப் புகாரும் இல்லை, தேடுதலும் இல்லை. பறிகொடுத்தவருக்கே விஷயம் தெரிவதில்லை!

திருட்டு நடக்கும் விதம் ரொம்பச் சாதாரணம். வாரத்தில் ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்கு லீவு. அவ்வளவுதான்.

2009-ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி, ஒன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகளுக்கு வருஷத்தில் குறைந்தது 200 நாள் பாடம் நடக்க வேண்டும். வாரம் 5 நாள் என்று வைத்துக்கொண்டால் அது 40 வாரம். வாரம் ஒரு நாள் மட்டம் என்றால் வருஷத்துக்கு 40 நாள் போச்சு. ஐந்து வருஷத்தில் 200 நாள். அதாவது, ஐந்தாம் வகுப்பு முடித்து வெளியே வரும் பிள்ளை உண்மையில் படித்தது நாலே வருஷம்தான்!

அரசு ஆபீஸ் குமாஸ்தாவுக்கு வருஷத்துக்கு 12 நாள்தான் கேஷுவல் லீவு. அதற்கு மேல் போனால் விளக்கம் கேட்பார்கள். ஏழு வயசுப் பிள்ளை 40 நாள் எடுக்கிறது. கேட்பார் இல்லை.

52-ல் 27 போனால் எவ்வளவு?

"ஒரு நாள் போகாவிட்டால் என்ன குடி முழுகிப் போகும்? சின்ன கிளாஸ்தானே!" என்று பல வீடுகளில் சொல்கிறார்கள். சின்ன கிளாசில்தான் குடி முழுகுகிறது.

பெரிய வகுப்பில் ஒரு பாடம் விட்டுப் போனால் நோட்டை வாங்கி எழுதிக்கொள்ளலாம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு நோட்டைப் படிக்கவே தெரியாதே! அங்கே பாடம் செங்கல் அடுக்குவது மாதிரி. ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் சொல்லிக் கொடுத்த அன்றைக்கு வராத பிள்ளைக்கு, 'கெட்டு' என்பதும் 'கேட்டு' என்பதும் ஒன்றுதான். அடுத்த வாரம் கதை வாசிக்கச் சொன்னால் வாய் திறக்காது. "மக்கு" என்று பெயர் வாங்கிவிடும்.

கணக்கிலும் இதே கதை. கடன் வாங்கிக் கழிக்கும் பாடம் நடந்த இரண்டு நாளும் வராத பிள்ளையிடம், 52-ல் 27 போனால் எவ்வளவு என்று கேட்டால், 35 என்று எழுதி நீட்டும். 5-ல் 2 போனால் 3. ஏழிலிருந்து இரண்டைக் கழித்தால் 5. தெரிந்த அளவுக்குச் சரியாகத்தான் போட்டிருக்கிறது! சரியான விடை 25 என்பதும், 10 ரூபாய் கூடப் போனதும் கடைக்காரருக்குத்தான் உடனே புரியும். அதற்குப் பின் வரும் பெருக்கல், வகுத்தல், பின்னம் எல்லாம் இந்த ஆட்டம் காணும் செங்கல் மேல்தான் ஏறுகின்றன.

இதில் இன்னொரு சங்கதி. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 8-ம் வகுப்பு வரை யாரையும் பெயிலாக்கி நிறுத்தும் வழக்கம் இல்லை. பத்து வயசில் பெயில் என்று சொல்லி விரட்டினால் பிள்ளை வேலைக்குத்தான் போகும் என்பதால் அந்த ஏற்பாடு நல்ல ஏற்பாடே. ஆனால் பாஸ் என்ற சீட்டைப் பார்த்து வீடு நிம்மதியாக இருந்துவிடுகிறது. திருட்டு வெளியே தெரிவது ஆறாம் வகுப்பிலோ ஒன்பதாம் வகுப்பிலோதான். அப்போது யாரைப் பிடிப்பது?

லீவு எங்கிருந்து வருகிறது?

மட்டம் போடும் பிள்ளை சோம்பேறி என்பது பழைய நினைப்பு. ஆறு வயசுப் பிள்ளை தானாக லீவு எடுப்பது அபூர்வம். வீடுதான் எடுக்க வைக்கிறது. வீட்டின் மீதும் முழுப் பழி போட முடியாது.

காசிமேட்டில் விடியுமுன் மீன் எடுக்கப் போகும் தாய், கூடையோடு தெருத் தெருவாக விற்று வீடு திரும்ப மதியம் ஆகிவிடும். பிள்ளையை எழுப்பித் தலை வாரி அனுப்ப ஆள் கிடையாது. கோயம்பேட்டில் ராத்திரி முழுக்க மூட்டை இறக்கிய தகப்பன் காலையில் அசந்து தூங்குகிறார். கட்டட வேலைக்குப் போகும் குடும்பத்தில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள மூத்த பெண்ணை நிறுத்திவிடுகிறார்கள். "பாப்பாவப் பாத்துக்க ஆளு இல்ல டீச்சர், இன்னிக்கு ஒரு நாளுதான்" என்று சொல்லிவிட்டு வேலைக்கு ஓடுகிறார் தாய். அந்த மூத்த பெண்ணுக்கு வயசு எட்டோ ஒன்பதோ!

திங்கட்கிழமை லீவு தனி ரகம். ஞாயிற்றுக்கிழமை ஊரில் கல்யாணம், காதுகுத்து. ராத்திரி பஸ் பிடித்து வந்து சேர்ந்த அலுப்பில் பிள்ளையும் படுத்துவிடும். ஆடி மாதம் தெருவுக்குத் தெரு கூழ் ஊற்றினால் அதற்கொரு நாள். ஐப்பசி மழையில் இருக்கிற ஒரு யூனிபாரம் காயவில்லை என்றால் இன்னொரு நாள்.

காய்ச்சல் கண்ட பிள்ளை வீட்டில்தான் இருக்க வேண்டும். அது வேறு விஷயம். இங்கே பேச்சு, நல்லபடியாக இருக்கும் பிள்ளை வீட்டில் இருப்பது பற்றித்தான்.

குடிசை மாற்றம் இன்னொரு காரணம். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு கூவம், அடையாறு கரைகளிலிருந்து ஏராளமான குடும்பங்கள் பெரும்பாக்கம் அடுக்குமாடிக்குக் கொண்டு போகப்பட்டன. வீடு மாறியது; பள்ளிக்கூடம் மாறவில்லை. பரீட்சை முடியும் வரை பழைய பள்ளிக்கே போகலாம் என்றால், விடியக்காலை பஸ் ஏறி நகரத்துக்குள் வர வேண்டும். பள்ளி வருஷத்தின் நடுவில் வீட்டை இடிப்பவர்கள் பிள்ளையின் வருகைப் பதிவேட்டையும் சேர்த்துத்தான் இடிக்கிறார்கள்.

சோறு போட்டு அழைத்த ஊர்

பிள்ளைகளைப் பள்ளிக்கு வரவழைக்கும் வித்தையில் இந்த ஊர் யாருக்கும் சளைத்ததல்ல. 1920-ல் பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்தபோதே ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மதியச் சாப்பாடு போட்டார்கள். தலைக்கு ஒரு அணாவுக்கு மேல் போகக்கூடாது என்று கணக்கு. 1956-ல் காமராஜர் மதிய உணவைக் கொண்டுவந்தார். 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக்கிப் பெரிதாக்கினார். 2022 செப்டம்பர் 15 அன்று காலை உணவுத் திட்டம் மதுரையில் தொடங்கியது. முதலில் 1,545 அரசுத் தொடக்கப் பள்ளிகள். 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுவதும் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகள். 2025 ஆகஸ்டில் நகர்ப்புறத்து உதவி பெறும் பள்ளிகள் வரை வந்து சேர்ந்தது.

உப்புமா, கிச்சடி, பொங்கல் வந்த பிறகு காலையில் வயிறு காய்ந்து வீட்டில் முடங்கும் பிள்ளைகள் குறைந்தார்கள். மீன்காரத் தாய்க்கும் ஒரு கவலை விட்டது. ஆனால் பசிக்காக வராத பிள்ளையைத்தான் பொங்கல் கூட்டி வரும். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற பெண்ணை அது எப்படிக் கூட்டி வரும்?

எல்லாருக்கும் போனபோது...

லீவு என்ன செய்யும் என்பதை நாடே ஒரு தடவை பார்த்தாயிற்று. கொரோனாவுக்காக 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் தமிழ்நாட்டில் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. 19 மாதத்துக்கு மேல். 2020 ஜூனில் ஒன்றாம் வகுப்பில் பெயர் எழுதிய பிள்ளை, பள்ளிக்கூட வாசலை மிதித்தபோது இரண்டாம் வகுப்பில் இருந்தது!

அப்போது அரசு சும்மா இருக்கவில்லை. 2021-ல் தன்னார்வலர்களை வைத்து 'இல்லம் தேடிக் கல்வி' நடத்தியது. 2022-ல் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைக் கொண்டுவந்தது. விட்டுப் போனதைப் பிடிக்கத் தெருத் தெருவாக ஆள் போனது.

எல்லாப் பிள்ளைக்கும் ஒரே நேரத்தில் படிப்பு போனபோது ஓடி வந்தார்கள். வாரம் ஒரு நாளாக, தனியாக ஒரு பிள்ளைக்குப் போனால் யார் ஓடி வருவது?

சட்டம் யாரைக் கேட்கிறது?

பதில் சட்டத்திலேயே இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 10-வது பிரிவு பெற்றோருக்குச் சொல்வது, பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்பதை. 8-வது பிரிவோ, சேர்ந்த பிள்ளை ஒழுங்காக வருகிறதா, படித்து முடிக்கிறதா என்று பார்ப்பது அரசின் பொறுப்பு என்கிறது. பெயர் எழுதியதோடு அரசின் வேலை முடிவதில்லை.

வருகைக் கணக்கு இப்போது செல்போன் வழியாக மேலிடத்துக்குப் போகிறது. நல்லதுதான். ஆனால் கணக்கு மேலே போனால் போதாது. ஒரு ஆள் அந்த வீட்டுக்குப் போக வேண்டும். சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள்தான். ஐந்து வகுப்பையும் அவர்களே சமாளிக்க வேண்டும். தேர்தல், மக்கள் தொகைக் கணக்கு என்று அவர்களையே இழுத்தால் வாத்தியாரின் வருகையும் குறைகிறது. "டீச்சரே இல்லை, நீ போய் என்ன செய்யப் போற?" என்று வீட்டில் கேட்பதற்கு அதுவே காரணமாகிவிடுகிறது.

இதற்குத்தான் ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். அதே தெருவில் குடியிருப்பவர்கள். பிள்ளை வராத முதல் நாளே ஒருவர் எட்டிப் பார்த்து "ஏம்மா, இன்னிக்கு அனுப்பல?" என்று கேட்டால், இரண்டாவது நாள் லீவு வராமலே போகலாம். கைக்குழந்தை இரண்டு வயசைத் தாண்டியிருந்தால் பக்கத்து அங்கன்வாடியில் விடலாம் என்று சொல்லலாம். நேரம் கழித்து வரும் பிள்ளையைக் கேட்டுக்கு வெளியே நிறுத்தாமல் உள்ளே விடலாம். அரை நாளாவது மிஞ்சும்.

கடை வீதிக்கும் இதில் வேலை இருக்கிறது. புதன்கிழமை காலை 11 மணிக்கு எட்டு வயசுப் பிள்ளை கால் லிட்டர் எண்ணெய்க்குப் பாட்டிலோடு வந்து நின்றால், சில்லறையைக் கொடுக்கும் முன் கடைக்காரர் ஒரு வார்த்தை கேட்கலாம்: "ஏன் பாப்பா, இன்னிக்கு ஸ்கூலு இல்லியா?"

தெருவில் நாலு பேர் அப்படிக் கேட்க ஆரம்பித்தால், அடுத்த புதன்கிழமை எண்ணெய் வாங்கப் பெரியவர் யாராவது வருவார்கள். பிள்ளை கடன் வாங்கிக் கழிக்கக் கற்றுக்கொண்டிருக்கும்.