ஓங்கிய கையும் ஒடுங்கும் பிள்ளையும்

வெம்பக்கோட்டை வட்டாரத்தில் வெடியோசைக்கு யாரும் எளிதில் திடுக்கிடுவதில்லை. வைப்பாற்றங்கரையின் அக்கரிசல் பூமியில் பட்டாசு செய்வதே பலரின் பிழைப்பு. தொலைவில் எழும் வெடியொலி அங்குள்ளோருக்குக் காக்கையின் கரைதலைப் போன்றதுதான். அத்தகைய ஊர்களிலும், அருகில் நிற்பவர் தொப்பியைச் சரிசெய்யக் கையை உயர்த்தினால் போதும், கண்ணை இறுக மூடி, தோளைக் குறுக்கி, முழங்கையால் முகத்தை மறைத்துக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு. பிள்ளைகள் மட்டுமா? தாடி நரைத்த ஆண்களும், பேரன் பேத்தி கண்ட தாய்மார்களும் உண்டு. இடிபோன்ற ஓசைக்கு அசையாத உடல், ஓசையே இல்லாத ஒரு கைக்கு ஏன் ஒடுங்குகிறது? சமூகம் இக்கேள்வியைக் கேட்பதில்லை. மாறாகச் சிரிக்கிறது; 'பயந்தாங்கொள்ளி' என்று பெயரும் சூட்டுகிறது. அந்தச் சிரிப்பின் மீதுதான் நாம் இங்கே வழக்குத் தொடுக்கிறோம்.

திடுக்கிடுதல் என்பது இறைவன் மனித உடலில் அமைத்த காவல். திடீரென ஓர் ஓசை எழுந்தால், ஒரு நொடியை இருபதாகப் பகுத்தால் அதில் ஒரு பங்கு நேரத்திற்குள் இமை மூடத் தொடங்கிவிடுகிறது. கழுத்தும் தோளும் சுருங்குகின்றன. அறிவு யோசித்து உத்தரவிடுமுன் காரியம் முடிந்துவிடுகிறது. 1939-ல் லாண்டிஸ், ஹன்ட் என்னும் அமெரிக்க உளவியலார் இருவர், துப்பாக்கி ஓசைக்கு மனிதர் திடுக்கிடும் விதத்தைப் படம்பிடித்து ஆராய்ந்து, அதைப் பற்றித் தனி நூலே வெளியிட்டனர்.

இக்காவலுக்கு இரு இயல்புகள் உண்டு. தீங்கு செய்யாத ஓசை திரும்பத் திரும்பக் கேட்டால் உடல் அதற்குப் பழகிவிடும். முன்பு வலி தந்த ஒன்றின் அடையாளம் எதிரில் தோன்றினாலோ, திடுக்கம் தணியாது, மிகும். வாதுமைப் பருப்பின் வடிவில் இருப்பதால் அமிக்டலா எனப் பெயர்பெற்ற மூளைப் பகுதி, அந்த அடையாளத்தை நினைவில் வைத்துக் காவல் காப்பதில் பெரும்பங்கு வகிக்கிறது. 1980-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் வெளியிட்ட நோய்ப் பகுப்பு நூலின் மூன்றாம் பதிப்பு, கொடுந்துயருக்கு ஆளானோரிடம் நீடிக்கும் மிகைத் திடுக்கத்தை நோய்க்குறிகளுள் ஒன்றாக எழுதிவைத்தது. இடைவேளைதோறும் பின்னாலிருந்து வந்து மண்டையில் குட்டுவதும், பிடரியில் அறைவதும், அடிப்பதுபோல் கையை ஓங்கி அவன் ஒதுங்கியதும் கைகொட்டிச் சிரிப்பதுமாகச் சகமாணவர்கள் ஒருவனை ஆண்டுக்கணக்கில் வதைத்தால், அவனுக்கு ஓங்கிய கையே வெடியாகிவிடுகிறது. எப்போது வெடிக்கும் என்று தெரியாத வெடிக்கு எந்த உடல்தான் பழகும்?

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். 2021 பிப்ரவரி 12-ல் சாத்தூரை அடுத்த அச்சங்குளம் பட்டாசு ஆலையில் நேர்ந்த வெடிவிபத்தில் 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அத்தகைய விபத்தில் உயிர்தப்பிய ஒருவர், பிறகு கல்யாண வீட்டுச் சரவெடிக்குப் பதறினால், அவரைக் கோழை என்று ஏசும் நாக்கு உண்டா? 'பட்ட பாடு அப்படி' என்று பரிந்து பேசுவார்கள். அதே மனிதர்கள்தாம், ஓங்கிய கைக்கு ஒதுங்கும் பிள்ளையைக் கண்டு நகைக்கிறார்கள். இருவர் உடலிலும் இருப்பது ஒரே வடு. ஒருவருக்கு இரக்கமும் மற்றவருக்கு ஏளனமும் வழங்குவது எந்த நீதி?

'பிள்ளைகள் விளையாட்டு, இதில் பெரியவர்களுக்கு என்ன வேலை?' என்பார் சிலர். இருதரப்பும் மகிழ்வதே விளையாட்டு. ஒருவன் நடுங்க மற்றவர் சிரிப்பது வேட்டை. ஒரு பயணத்தில் நபித்தோழர் ஒருவர் உறங்கிக்கொண்டிருக்க, உடனிருந்தோர் அவருடைய கயிற்றை எடுக்க, அவர் திடுக்கிட்டார். அப்போது அண்ணல் நபி (ஸல்) அவர்கள், ஒரு முஸ்லிமை அச்சுறுத்துவது இன்னொரு முஸ்லிமுக்கு ஆகுமானதன்று என்று அறிவித்ததாக அபூதாவூத் பதிவு செய்துள்ளது. அங்கே அடியில்லை, காயமில்லை. ஒருவர் திடுக்கிட்டார், அவ்வளவே. அதற்கே அந்தத் தீர்ப்பு! ஊனத்தையும் நிறத்தையும் திக்குவாயையும் சுட்டிப் பட்டப்பெயர் வைப்போர், ஹுஜுராத் அத்தியாயத்தின் 11-ஆம் வசனத்தை எந்த முகத்தோடு ஓதுகிறார்கள்?

'அடியாத மாடு படியாது. நாலு அடி வாங்கினால்தான் ஆண்பிள்ளைக்குத் திடம் வரும்' என்பார் வேறு சிலர். 1377-ல் முகத்திமாவை எழுதிய இப்னு கல்தூன், கற்போரிடம் கடுமை காட்டுவதன் கேட்டை விளக்க அதில் தனிப் பகுதியே ஒதுக்கினார். கொடுமையின் கீழ் வளரும் பிள்ளை ஊக்கம் இழக்கும், பொய்யும் சூதும் பழகும், நாளடைவில் தன்னைக் காத்துக்கொள்ளும் மனத்திண்மையையே இழந்துவிடும் என்பது அவர் கண்ட முடிவு. அடி திடத்தைத் தருவதில்லை. இருக்கும் திடத்தையும் பறிக்கிறது. அனஸ் (ரலி) சிறுபிராயம் முதல் பத்தாண்டுகள் பெருமானாருக்குப் பணிவிடை செய்தார். அப்பத்தாண்டுகளில் தம்மை நோக்கி ஒருமுறைகூட 'சீ' என்ற சொல் வந்ததில்லை என்று அவரே சாட்சி சொன்னார். அவர் திடம் குறைந்தவராகவா வளர்ந்தார்?

'வளர்ந்தால் மறந்துவிடுவான்' என்பது மூன்றாவது சமாதானம். மனம் மறந்தாலும் உடல் மறப்பதில்லை. அடித்தவனின் பெயர்கூட நினைவிலிருந்து அழிந்த பின்னரும், நாவிதர் கத்தரியோடு அருகில் வரும்போது தோள் தானே குறுகுகிறது. பெருநாள் தொழுகைக்குப்பின் தழுவ வரும் நண்பனின் விரிந்த கைகளுக்கு மார்பு பின்வாங்குகிறது. பெரியவர் ஒருவர் தலைமேல் கைவைத்து துஆச் செய்ய வர, பிள்ளை அடிக்கு அஞ்சித் தலையைக் காத்துக்கொள்கிறான். அன்புக்கு நீளும் கையையும் அடிக்கும் கையையும் பிரித்தறிய முடியாதபடி ஓர் உயிரை ஆக்கிவிடுவது சிறிய பாவமா?

'ஏன் அவன் வாய்திறந்து சொல்லவில்லை?' என்று கேட்போர் நாங்குநேரியை நினைத்துப் பார்க்கட்டும். அங்கே சக மாணவர்களின் சாதி வன்மத்தால் துன்புற்ற தலித் மாணவர் ஒருவர் பள்ளிக்குச் செல்வதையே நிறுத்தினார். காரணத்தைப் பள்ளியில் சொன்னதன் விளைவாக, 2023 ஆகஸ்ட் 9-ஆம் நாள் இரவு வீடு புகுந்து அவரையும் தடுக்கவந்த தங்கையையும் அரிவாளால் வெட்டினார்கள். அதன்பின் அரசு அமைத்த நீதியரசர் சந்துரு அவர்களின் ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. வாய் பேசினால் நேரும் விலை இது என்று அறிந்த பிள்ளைகள் மௌனம் காக்கிறார்கள். அவர்களுடைய உடல் மட்டும் பொய் சொல்லத் தெரியாமல் சாட்சி சொல்லிவிடுகிறது.

தமிழக அரசு 2003-ல் பள்ளிகளில் பிரம்படியை விலக்கியது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, உடல் தண்டனையோடு மனத்துன்பம் தருவதையும் தடுத்தது. ஆனால் 2012-ல் செய்த திருத்தத்தால் அச்சட்டம் மதரஸாக்களுக்கும் வேதபாடசாலைகளுக்கும் பொருந்தாதென ஆயிற்று. நம் மதரஸாக்களின் தனித்தன்மை காக்கப்பட்டதென மகிழ்ந்தோர் ஒன்றை உணரவேண்டும். அச்சட்டம் வாசலுக்கு வெளியே நின்றுவிட்டதென்றால், உள்ளிருக்கும் பிள்ளைக்குக் காவல் உஸ்தாதின் இறையச்சமே. 'கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரியுங்கள்' என்று கூறிப் பிள்ளையை ஒப்படைக்கும் அத்தாமார்களும் அச்சொல்லை இன்றோடு விட்டொழிக்கட்டும். உஸ்தாது குட்டும் தலையைத் தோழனும் குட்டுவான். அவனுக்கு வழிகாட்டியது யார்?

ஆகவே நாம் கோருவன சில. கை உயர்ந்ததும் உங்கள் பிள்ளை ஒதுங்கினால், சிரிக்காதீர்கள். 'பயப்படாதே' என்று அதட்டவும் வேண்டாம். தனியே அமர்த்தி, யார் அடிக்கிறார்கள் என்று பொறுமையோடு கேளுங்கள். சொன்னால் நம்புங்கள். சொன்னதற்காக அவனுக்குத் தீங்கு வராமல் காத்து நில்லுங்கள். அடிக்கும் பிள்ளை உங்களுடையது என்றால், பக்கத்து வீட்டார் முன் அதை மறைக்காமல் திருத்துங்கள். வளர்ந்தும் ஒடுங்குவோரிடம் பின்னாலிருந்து திடீரெனத் தொடாதீர்கள்; பெயர் சொல்லி, முன்னால் வந்து, மெல்லக் கை நீட்டுங்கள். திடுக்கம் வாழ்வையே முடக்கினால் மனநல மருத்துவரை நாடுவதில் வெட்கமில்லை. இது பயிற்சியால் தணியக்கூடியது. ஏளனத்தால் ஒருபோதும் தணியாது.

பிள்ளை ஒடுங்குவது அவனுடைய குறையன்று. அது அவன்மீது ஓங்கிய கைகளைப் பற்றியும், அருகிலிருந்தும் அக்கைகளைப் பிடிக்காமல் விட்ட பெரியவர்களைப் பற்றியும் அவன் உடல் எழுதிக்கொடுத்த வாக்குமூலம். வெட்கப்பட வேண்டியவர் யார் என்பதை அதைப் படித்தபின் ஒவ்வொரு வீட்டாரும் முடிவு செய்யட்டும்.