நம்ம ஊர் வைரஸை யார் படித்தார்கள்?

2021 மே மாதம் வல்லத்திராக்கோட்டையில் ஒருவருக்கு கொரோனா பாசிட்டிவ் வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். வந்தது டெல்டாவா, ஆல்ஃபாவா? பெரும்பாலும் அவருக்கு அது தெரிந்திருக்காது. ஆர்டி-பிசிஆர் டெஸ்ட் வைரஸின் இரண்டு மூன்று இடங்களை மட்டும் தேடிப் பார்த்து ‘இருக்கு, இல்ல’ன்னு சொல்லும், அவ்வளவுதான். எந்த வகைன்னு உறுதியா தெரியணும்னா முழு மரபணுத் தொகுதியையும் படிக்கணும். கிட்டத்தட்ட 29,900 எழுத்துகள்.

படிக்கிற விதம் நம்ம சிஎஸ்இ ஆட்களுக்கு உடனே புரியும். மாதிரியில் உள்ள ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றி, துண்டு துண்டாகப் பெருக்கி, இயந்திரத்தில் படித்து, 2020 ஜனவரியில் வெளியான வூஹான் வரிசையோடு ஒப்பிடுவார்கள். கிட்ல டிஃப் போடுற மாதிரிதான். எந்த மாற்றம் எந்தெந்த மாதிரியில் இருக்குன்னு அடுக்கினால் கமிட் ஹிஸ்டரி போல ஒரு குடும்ப மரம் கிடைக்கும். 2022ல் பரவிய எக்ஸ்பிபி, இரண்டு ஒமைக்ரான் கிளைகள் கலந்து உருவானது. அசல் மெர்ஜ், ரிவ்யூ பண்ணத்தான் ஆள் இல்லை!

ஆனால் ஒரு விஷயத்தை மறந்துடறோம். நாம் கொடுத்த மாதிரிகள் மட்டும்தான் அந்த மரத்தில் இருக்கும். டெல்டாவையே எடுத்துக்கோங்க. 2020 அக்டோபரில் இந்தியாவில் எடுத்த மாதிரிகளிலேயே அது இருந்தது. ஆய்வகங்களை இணைத்து இன்சாகாக் அமைப்பு தொடங்கியது அந்த டிசம்பரில். பாசிட்டிவ் மாதிரிகளில் 5 சதவீதத்தைப் படிப்பது இலக்கு. ஆரம்ப மாதங்களில் அதை எட்டவே இல்லை. உலக சுகாதார நிறுவனம் அதைக் கவலைக்குரிய வகை என்று அறிவித்தது 2021 மே மாதம். அதற்குள் இரண்டாவது அலை நம் தலைக்கு மேல் போய்விட்டது.

தமிழ்நாடு மாதிரிகளை பெங்களூருக்கு அனுப்பிக் காத்திருந்த காலம் அது. 2021 செப்டம்பரில் சென்னையில் மாநில அரசே மரபணு ஆய்வகம் திறந்தது நல்ல முடிவு. ஆனால் மெஷின் வந்தால் மட்டும் போதாது என்பது என் கருத்து. அந்த மெஷினுக்குள் யாருடைய மாதிரி போகிறது? டிசம்பரில் தமிழ்நாட்டின் முதல் ஒமைக்ரான் தொற்று, நைஜீரியாவிலிருந்து விமானத்தில் வந்தவரிடம் தெரிந்தது. விமான நிலையத்தில் தேடினோம், கிடைத்தது. பஸ்ஸில் வருகிற வைரஸை யார் தேடுவது?

“இப்போ கொரோனாவே இல்லையே, எதுக்கு?”ன்னு கேட்பீங்க. வைரஸ் மாறுவதை நிறுத்தவில்லை, நாம்தான் டெஸ்ட் எடுப்பதைக் குறைத்துவிட்டோம். அதற்கு மாற்றாகச் சொல்வது கழிவுநீர்ப் பரிசோதனை. நகரங்களுக்கு அருமையான வழி, ஒரே சாக்கடையில் ஆயிரக்கணக்கானவர்களின் தகவல் கிடைக்கும். ஆனால் வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க் இருக்கிற கிராமத்தில் பாதாளச் சாக்கடைக்கு எங்கே போவது? மறுபடியும் நம்ம ஊர் விடுபட்டுப் போகும்.

மாவட்டத்துக்கு ஐந்தாறு ஆரம்ப சுகாதார நிலையங்களைத் தேர்ந்தெடுத்து, காய்ச்சல், இருமலோடு வருகிறவர்களிடம் மாதம் பத்துப் பத்து மாதிரி எடுத்தாலே பெரிய மாற்றம் வரும். ஆர்என்ஏ சீக்கிரம் சிதையும் என்பதால் குளிரில் வைத்து அனுப்பணும், செலவு உண்டுதான். வரிசை கையில் வந்த பிறகு வகையைக் கண்டுபிடிக்க ஒரு லேப்டாப் போதும். பாங்கோலின், நெக்ஸ்ட்கிளேட் இரண்டுமே இலவசம், நெக்ஸ்ட்கிளேட் பிரவுசரிலேயே ஓடும். ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்கு இன்னொரு முகம் பார்த்து அட்டெண்டன்ஸ் போடுற சிஸ்டம் பண்ணப் போறவங்க, அதுக்கு முன்னாடி ஒரு தடவை அதைத் திறந்து பாருங்க.