அனுப்பும் முன் தங்கப் பழக்குங்கள்!



பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு அடுப்படிக்கு வந்தவள் நான். "வெளிநாட்டைப் பத்தி எழுத உனக்கு என்ன தெரியும்?" என்று எங்க வீட்டுக்காரரே சிரிக்கிறார். ஆனாலும் எங்கள் குடும்பத்தில் நடந்ததைச் சொன்னால், பெண் பிள்ளைகளை வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் படிக்க அனுப்ப நினைக்கும் அம்மாக்களுக்கு உதவுமே என்றுதான் எழுதுகிறேன்.

என் அண்ணன் மகள் இன்ஜினியரிங் முடித்து, மேல்படிப்புக்கு ஜெர்மனி போயிருக்கிறாள். அந்த நாட்டு விசாவுக்கு, ஒரு வருஷச் செலவுப் பணத்தை முன்கூட்டியே ஒரு கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரில் அந்தத் தொகையை 11,904 யூரோ என்று வைத்தார்கள். அதிலிருந்து மாதம் 992 யூரோதான் எடுக்க முடியும். வாடகை, சாப்பாடு, இன்ஷூரன்ஸ் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அதில் பெரிய பங்கு வாடகைக்கே போய்விடும் என்று முன்னே போன பிள்ளைகள் சொன்னார்கள்.

லோன் வாங்கினோம், புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி எல்லாம் கட்டினோம். ஆனால் தங்க ஒரு இடம் ஏற்பாடு செய்யவில்லை! அங்கே மாணவர் நலனுக்கென்று உள்ள அமைப்புகள் நடத்தும் விடுதிகளில்தான் வாடகை குறைச்சல். ஆனால் பெரிய ஊர்களில் பெயர் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அட்மிஷன் கடிதம் வந்த அன்றே பெயர் பதிந்திருக்க வேண்டும். நாங்களோ விசா வரட்டும், பார்க்கலாம் என்று இருந்துவிட்டோம்.

கடைசி நேரத்தில் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. நல்ல அறை, குறைந்த வாடகை. "நான் இப்போது வேறு நாட்டில் இருக்கிறேன். இரண்டு மாத வாடகையும் அட்வான்ஸும் அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்" என்று பதில் வந்தது. அண்ணன் பணம் கட்டத் தயாராகிவிட்டார். "ஏண்ணா, கண்ணால பாக்காம நம்ம சந்தையில ஒரு மாட்டைப் பிடிப்பியா?" என்று நான் கேட்டேன். பிறகு அங்கே படிக்கும் பிள்ளைகளிடம் விசாரித்தால், இது நெடுநாளாக நடக்கும் ஏமாற்று வேலையாம்!

அப்போதுதான் அவள், "அத்தை, முதல் ரெண்டு வாரம் யூத் ஹாஸ்டல்ல தங்கிக்கிறேன். அங்க இருந்தே நேர்ல போய் அறை பாத்துக்கறேன்" என்றாள். ஒரு பெரிய அறையில் மேலும் கீழுமாக நாலைந்து கட்டில்கள், பெண்களுக்குத் தனி அறை, சாமான் வைக்கப் பூட்டுப் போடும் அலமாரி. ஓட்டல் அறைக்கு ஆகும் பணத்தில் பாதிகூட ஆகவில்லை. நம் நாட்டு யூத் ஹாஸ்டல்ஸ் அசோசியேஷனில் உறுப்பினர் அட்டை வாங்கினால் அது அங்கேயும் செல்லும்.

வீட்டில் பூகம்பம்தான்! "பொம்பளப் புள்ள, ஊர் பேர் தெரியாதவங்ககூட ஒரே ரூம்லயா?" என்று அண்ணன் குதித்தார். உண்மையைச் சொன்னால் எனக்கும் முதலில் வயிற்றைப் பிசைந்தது.

ஆனால் யோசித்துப் பாருங்கள். எங்கள் ஊர் ரிக் வண்டிகள் இந்தியா முழுக்கப் போகின்றன. அண்ணனே ஆந்திரா, மத்தியப் பிரதேசம் என்று மாதக்கணக்கில் வண்டிக்கு அடியில் பாய் விரித்துப் படுத்தவர்தான். நாமக்கல் லாரி டிரைவர்கள் கேபினிலேயே தூங்கி எழுந்து ஊர் ஊராகப் போகிறார்கள். "எங்கப்பா தங்கினே?" என்று அவர்களை யாராவது கேட்டோமா? பெண் ஒரு ராத்திரி தங்குவது மட்டும் எப்படிக் குடும்ப மானமாகிப் போகிறது?

இந்த யூத் ஹாஸ்டல் ஏதோ புதுநாகரிகம் இல்லை. ரிச்சர்ட் ஷிர்மான் என்ற ஜெர்மானியப் பள்ளி ஆசிரியர், 1909-ல் பிள்ளைகளோடு நடைப்பயணம் போனபோது இடியும் மழையுமாகப் பிடித்துக்கொண்டதாம். ஒரு பள்ளிக்கூடத்தில் ஒதுங்கி இரவைக் கழித்தார்கள். நடந்து போகும் பிள்ளைகளுக்குக் குறைந்த செலவில் தங்குமிடம் வேண்டும் என்று அப்போது தோன்றியதுதான், 1912-ல் அல்டேனா என்ற ஊரின் கோட்டையில் விடுதியானது. நம் சத்திரம், சாவடி மாதிரிதானே?

காந்தித் தாத்தாவையும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் புதுப்பாளையத்தில் ராஜாஜி 1925-ல் தொடங்கிய காந்தி ஆசிரமம் இருப்பதால், அவர் பேச்சைச் சொன்னால் அண்ணனும் காது கொடுப்பார். 1888-ல் லண்டனுக்குப் படிக்கப் போன காந்தி, முதலில் பெரிய ஓட்டலில் இறங்கி, மூன்று பவுன் பில்லைப் பார்த்துத் திடுக்கிட்டுப் போனார். பிறகு பைசா பைசாவாகக் கணக்கு எழுதி, வாரம் எட்டு ஷில்லிங்கில் ஒற்றை அறை எடுத்து, தானே கஞ்சி காய்ச்சிக் குடித்தார். சத்திய சோதனையில் அவரே எழுதியிருக்கிறார். சிக்கனமாகத் தங்குவதில் என்ன கேவலம்?

அண்ணன் மகள் பன்னிரண்டாம் நாளே, மூன்று மாணவிகள் சேர்ந்திருக்கும் வீட்டில் ஒரு அறை பிடித்துவிட்டாள். அவள் சொன்ன சில விஷயங்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அங்கே வாடகையில் இரண்டு வகை. வெறும் அறைக்கு மட்டும் 'குளிர் வாடகை'. ஹீட்டர், தண்ணீர்ச் செலவு சேர்த்தால் 'சூடான வாடகை'. எது என்று கேட்காமல் சரி சொல்லக் கூடாது. அட்வான்ஸ், மூன்று மாதக் குளிர் வாடகைக்கு மேல் கேட்கச் சட்டத்தில் இடமில்லை. குடிவந்த இரண்டு வாரத்துக்குள் அரசு அலுவலகத்தில் விலாசம் பதிய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட தாள் வேண்டும். அதைத் தர மாட்டேன் என்கிற அறை வேண்டவே வேண்டாம்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். விசா வேலைக்காக அவளும் நானும் சென்னை போயிருந்தோம். இரண்டு லாட்ஜில், "கூட ஜென்ட்ஸ் யாரும் வரலீங்களா?" என்று கேட்டு, ஆதார் அட்டையை நீட்டியும் ரூம் இல்லை என்றார்கள். மூன்றாவது இடத்தில்தான் கிடைத்தது. முன்பின் தெரியாத நாட்டில் தனியாகப் போன பெண்ணுக்குக் கட்டில் கிடைக்கிறது, நம் ஊரில் இரண்டு பெண்களுக்குக் கிடைக்கவில்லையே என்று அன்று மனசு கசந்தது. வேலைக்குப் போகும் பெண்களுக்காக அரசு நடத்தும் 'தோழி' விடுதி சேலத்திலும் இருக்கிறது. அதுபோல, பரீட்சைக்கும் இன்டர்வியூவுக்கும் வரும் பெண்கள் ஓரிரு நாள் குறைந்த வாடகையில் தங்க, ஒவ்வொரு மாவட்டத் தலைநகரிலும் இடம் வேண்டும்.

அம்மாக்களே, அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கல்லூரியில் படிக்கும்போதே மகளைச் சேலத்துக்கோ கோவைக்கோ தனியே அனுப்பி, அவளே விசாரித்து, அவளே வாடகை பேசி, ரசீது வாங்கி, கதவுத் தாழ்ப்பாளைச் சரிபார்த்து ஒரு ராத்திரி தங்கி வரச் செய்யுங்கள். நாம் துணைக்குப் போவது எத்தனை நாளைக்கு? விமானம் ஏறிய பிறகு அவளுக்குத் துணை அவள் பழகிய பழக்கம்தான்.

இப்போது அண்ணன் அக்கம்பக்கத்தாரிடம், "எம் புள்ள தனியா நின்னு ரூம் புடிச்சா" என்று மீசையை முறுக்குகிறார். நான் உள்ளுக்குள் சிரித்துக்கொள்கிறேன்.

— ஒரு வாசகி, திருச்செங்கோடு.