ஏழு புள்ளிக் கரப்பான்



சித்தூர், திருப்பதிப் பக்கத்திலிருந்து ஒரு கேள்வி வந்திருக்கிறது. "வாசலுக்கு வெளியே, சருகு கிடக்கும் இடத்தில் ஒரு பூச்சி. கறுப்பு உடம்பு, வெள்ளைப் புள்ளிகள். வண்டா, கரப்பானா? வீட்டுக்குள் புகுந்துவிடுமா? மருந்து அடிக்கலாமா?"

முதலில் புள்ளிகளை எண்ணிப் பாருங்கள். ஏழு இருந்தால் அது கரப்பான்தான். 'தெரியா பெட்டிவெரியானா' என்பது அறிவியல் பெயர். தென்னிந்தியாவின் முட்புதர்க் காடுகளே இதன் ஊர். திருப்பதிப் பக்கத்துச் சேஷாசலம் மலையடிவாரம் போன்ற வறண்ட புதர்க்காடு இதற்கு ஏற்ற இடம். பகல் வெயிலில் சருகுக்கும் பொலபொலப்பான மண்ணுக்கும் அடியில் புதைந்து கிடக்கும். பொழுது சாயும் வேளையில் வெளியே வரும்.

புள்ளி ஆறாக இருந்தால்? அது 'ஆந்தியா செக்ஸ்குட்டாட்டா' என்னும் தரைவண்டு, கரப்பானைவிடப் பெரியது. மார்பில் இரண்டு, முதுகில் நான்கு என்று புள்ளிகள் இருக்கும். சீண்டினால் அமிலத்தைப் பீய்ச்சும். அதனால் எதிரிகள் அதை நெருங்கத் தயங்கும். அந்த வண்டின் சாயலில் இருப்பது நம் கரப்பானுக்குக் காப்பாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது.

புள்ளி தெளிவாகத் தெரியாவிட்டால் முதுகைப் பாருங்கள். வண்டின் கெட்டியான மேலிறக்கைகள் நடுவில் ஒரே நேர்கோட்டில் சேரும். கரப்பானுக்கு ஒரு மேலிறக்கை மற்றதன்மேல் ஏறிப் படிந்திருக்கும். தலையும் மேலிருந்து பார்த்தால் மார்புக் கேடயத்தின் அடியில் மறைந்திருக்கும்.

வண்டு போன்ற இந்தத் தோற்றம் பெரிய அறிஞரையே குழப்பியது போலும். 1758இல் இந்தக் கரப்பானுக்கு அறிவியல் பெயர் சூட்டிய லின்னேயஸ், இதை வண்டு இனமான 'கஸிடா'வில்தான் சேர்த்தார். 'பெட்டிவெரியானா' என்பது லண்டன் மருந்து வணிகர் ஜேம்ஸ் பெட்டிவரின் நினைவாக வந்த பெயர். பெட்டிவருக்கும் நம் பகுதிக்கும் ஒரு தொடர்பு உண்டு. சென்னைக் கோட்டையில் மருத்துவராக இருந்த சாமுவேல் பிரவுன், நம் பக்கத்துச் செடிகொடிகளைச் சேகரித்து அவருக்குக் கப்பலில் அனுப்பிவந்தார்.

உலகில் 4,500க்கும் மேற்பட்ட கரப்பான் வகைகள் உண்டு. மனிதர் வாழிடங்களை ஒட்டி வாழ்பவை சுமார் 30தான். மற்றவை காட்டிலும் வயலோரத்திலும் தம் போக்கில் வாழ்கின்றன. சமையலறைச் சாக்கடையில் திரியும் கரப்பான் மீதுள்ள அருவருப்பை இந்த ஏழு புள்ளிக்காரர் மீது காட்டுவது நியாயமில்லை. மக்கும் சருகைத் தின்று மண்ணுக்கு உரம் சேர்ப்பவர் அவர். அடுப்படியும் அலமாரியும் அவருக்கு வேண்டியதில்லை.

ஆகவே மருந்து வேண்டாம், செருப்பும் வேண்டாம். வழிதவறி உள்ளே வந்தால் ஒரு காகிதத்தில் ஏந்தி, செடியடியில் விட்டுவிடுங்கள். ஆறு புள்ளிக்காரர் என்று சந்தேகம் வந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள். முகத்தை அருகே கொண்டுபோகாதீர்கள். தோட்டத்தில் ஒரு மூலைச் சருகையாவது கூட்டி எரிக்காமல் விட்டுவையுங்கள்.

அடுத்த முறை பார்க்கும்போது, பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்து, மேலிருந்து ஒரு படமும் பக்கவாட்டில் ஒரு படமும் எடுங்கள். ஊர், தேதி, நேரம் குறித்து எங்களுக்கு அனுப்புங்கள். உயிரினப் படங்களைப் பகிரும் 'ஐநேச்சுரலிஸ்ட்' செயலியிலும் பதிவிடுங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் புள்ளிகளை எண்ணும் வேலையை அவர்களிடம் கொடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்