கதை நடத்தும் ஆசான்

கதையைக் கேட்பது ஓர் இன்பம். கதைக்குள்ளே புகுந்து அதில் ஒருவராய் உலவுவது வேறோர் இன்பம். முன்னதற்குச் செவி ஒன்று போதும். பின்னதற்கோ உடலும் உள்ளமும் வேண்டும். அவற்றிற்கும் மேலாக, அந்த உலாவை முன்னின்று நடத்திவைக்க ஆசான் ஒருவரும் வேண்டும். இவ்வாரம் நாம் பேச எடுத்துக்கொண்டது அந்த ஆசானைப் பற்றியே.

நம் மாணவர்களுள் சிலர் மாலை வேளைகளில் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, தாளும் பென்சிலும் பல முகங்களையுடைய பகடைகளும் கொண்டு ஓர் ஆட்டம் ஆடுகின்றனர். ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்பது அவ்வகை ஆட்டங்களுள் தலையாயது. அமெரிக்க நாட்டவரான கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்னும் இருவர் 1974 ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டனர். தாயத்தைப் போலக் கட்டமும் காயும் இதற்கு இன்றியமையாதன அல்ல. ஒருவர் வாள்வீரராகின்றார், ஒருவர் மந்திரவாதியாகின்றார், வேறொருவர் கைதேர்ந்த கள்வராகின்றார். குழுவில் ஒருவர் மட்டும் எந்த வீரரையும் ஏற்பதில்லை. அவரே ஆட்டத்தின் ஆசான். “நீங்கள் குகை வாயிலில் நிற்கின்றீர்கள், உள்ளே ஏதோ உறுமுகின்றது, என் செய்வீர்கள்?” என்று அவர் கேட்கின்றார். மற்றவர்கள் தத்தம் வீரரின் வாயால் விடை பகர்கின்றனர். துணிவு பலிக்குமா, பாழாகுமா என்பதை இருபது முகப் பகடை தீர்க்கின்றது. கதை இவ்வாறு வளர்கின்றது.

அந்த ஆட்டத்திற்குப் பின்னணியாகப் பெரியதொரு புராணமே உண்டு. தேவர்கள், அரச மரபுகள், பழம்போர்கள், அழிந்த நகரங்கள் எனப் பலவற்றையும் ஆசான் அறிந்திருத்தல் வேண்டும். 1954, 1955 ஆம் ஆண்டுகளில் வெளிவந்த டோல்கீன் என்னும் ஆங்கிலப் பேராசிரியரின் ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ என்ற பெருங்கதை, இத்தகைய கற்பனை உலகங்களின்மீது மேனாட்டாருக்குத் தீராத விருப்பத்தை ஊட்டியது. ஆயினும் புராணம் அறிந்த அளவிலே ஒருவர் ஆசானாகிவிடுவதில்லை. நடுநிலை பிறழாது தீர்ப்புச் சொல்லவும், ஆடுவோர் மனம் நோகாது காக்கவும் அவருக்குத் தெரிந்திருக்கவேண்டும். புராண அறிவு, தீர்ப்பு, காவல் ஆகிய மூன்றும் அவருடைய கடமைகள் எனலாம்.

1980 ஆம் ஆண்டுகளில் அமெரிக்கப் பெற்றோர் பலர் இந்த ஆட்டத்தைக் கண்டு அஞ்சினர். வேடத்தில் மூழ்கிய பிள்ளை வீட்டுக்குத் திரும்புமா என்பதே அவர்களுடைய கவலை. நம் பெற்றோருக்கும் அந்த ஐயம் எழுதல் இயல்பே. ஆனால், வேடம் புனைந்து கதைக்குள் சென்று மீள்வது நமக்குப் புதியதன்று. அதனை ஒழுங்குடன் நடத்திக்காட்டிய ஆசான்கள் நம் கண்ணெதிரே நமுனுகுல மலைச்சாரலில் வாழ்ந்திருக்கின்றனர். சிலர் இன்றும் வாழ்கின்றனர். காமன் கூத்தை நடத்தும் கூத்து மாஸ்டர்களையே நாம் குறிப்பிடுகின்றோம்.

நமுனுகுல என்ற சிங்களப் பெயருக்கு ஒன்பது கொடுமுடி என்பது பொருள். இரண்டாயிரம் மீற்றருக்கு மேல் உயர்ந்து நிற்கும் அம்மலையைச் சுற்றிப் பதுளை, பசறை வட்டாரங்களின் தேயிலைத் தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. சென்ற நூற்றாண்டிற்கும் முந்திய நூற்றாண்டில் கோப்பிக்காகவும் பின்னர்த் தேயிலைக்காகவும் தமிழகத்திலிருந்து வந்த மக்கள், மூட்டை முடிச்சுகளோடு தம் கூத்துக்களையும் சுமந்து வந்தனர். காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் என்னும் மூன்றும் மலையகத்தின் பெருங்கூத்துக்களாக வேரூன்றின. அவற்றுள் காமன் கூத்தே ஊர் முழுவதும் ஒருங்கே பங்குகொள்ளும் தன்மையால் மேலோங்கி நிற்பது.

காமன் கதை பழமையானது. சிலப்பதிகாரத்திலே காமவேள் கோட்டம் பேசப்படுகின்றது. காளிதாசரின் குமாரசம்பவத்தில் காமன் எரிவதும் ரதி புலம்புவதும் வருகின்றன. கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணத்திலும் காமன் தகனம் விரிவாக உரைக்கப்படுகின்றது. சூரபன்மனால் துன்புற்ற தேவர்கள், அவனை அழிக்க ஒரு குமாரன் பிறக்கவேண்டும் என்பதற்காக, மோனத்தில் அமர்ந்த சிவபெருமானின் யோகத்தைக் கலைக்கக் காமனை ஏவுகின்றனர். காமன் மறுக்கின்றான். வற்புறுத்தலுக்கு ஆற்றாது இறுதியில் கரும்பு வில்லை ஏந்திச் செல்கின்றான். நெற்றிக்கண் திறக்கின்றது, காமன் சாம்பலாகின்றான். ரதியின் கண்ணீருக்கு இரங்கிய பெருமான், அவள் கண்ணுக்கு மட்டும் தோன்றுமாறு கணவனை அவளுக்கு மீட்டளிக்கின்றார்.

மாணவர்கள் ஈண்டு ஒன்றைக் கருதிப் பார்த்தல் நன்று. எந்தக் குமாரனின் பிறப்புக்காகக் காமன் எரிந்தானோ, அந்தக் குமாரன் கோயில்கொண்ட கதிர்காமமும் இதே ஊவா மாகாணத்தில் இருக்கின்றது. எரிந்தவனுக்கு மலைச்சாரலில் கம்பம். பிறந்தவனுக்குத் தென்புலத்துக் காட்டில் கோயில். ஒரு புராணத்தின் இரு முனைகளையும் ஒரே மாகாணத்து மக்கள் பேணிவருகின்றனர்.

மாசி மாத வளர்பிறையிலே காமன் பொட்டலில் கம்பம் ஊன்றப்படுகின்றது. கரும்பும் ஆமணக்கும் வைக்கோற்புரியும் சேர்ந்த அக்கம்பமே காமனின் உருவம். வேடம் பூணுவோர் காப்புக் கட்டி விரதம் காக்கின்றனர். தப்பு முழங்குகின்றது. ரதியும் மன்மதனும் லயம் லயமாக ஆடிச்செல்ல, தாய்மார் வாசலில் ஆரத்தியோடு காத்துநிற்கின்றனர். வளர்பிறை முதிர்ந்து நிறைமதியை அண்டும் இரவிலே தூதன், எமன், வீரபத்திரன் முதலிய வேடங்கள் களம் புக, விடியுமுன் காமன் தகனம் நிகழ்கின்றது.

இத்தனையையும் நடத்துபவர் ஒருவரே. அவரிடத்தில் பகடை இல்லை. ஆனால் முன்னர்க் கூறிய மூன்று கடமைகளும் அவருக்கு உண்டு.

முதலாவது, புராண அறிவு. எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு, எந்த வேடத்திற்கு எந்த அடி, எந்த வரவுக்குத் தப்பில் எந்தத் தாளம் என்பவை அவர் நினைவிலும் பழைய கொப்பிகளிலும் இருக்கின்றன.

இரண்டாவது, தீர்ப்பு. யாருக்கு எந்த வேடம் என்பதை அவர் தீர்மானிக்கவேண்டும். ரதி வேடத்தை ஆண்மகன் ஒருவரே பூணுவது மரபு. குரல் இனிதாயிருந்தால் மட்டும் போதாது. விரதம் காக்கக் கூடியவரா, பல இரவுகள் விழித்தும் காலையில் பெரட்டுக்குச் செல்லும் உடல்வலிமை உடையவரா, அவர் வீட்டில் நோயாளி உண்டா, நாட்சம்பளம் இழந்தால் அடுப்பு எரியுமா என்றெல்லாம் எண்ணிப் பார்க்கவேண்டும். இவற்றை எந்த ஏடும் சொல்லாது. லயத்து மக்களோடு ஒருவராய் வாழ்ந்து, அவர்தம் இன்பதுன்பங்களை அறிந்தவருக்கே அது கைகூடும்.

மூன்றாவது, காவல். உக்கிரமான வேடம் பூண்டவர் சிலவேளை ஆவேசங்கொள்வதுண்டு. தப்பின் ஒலி விரைய விரைய அவர் தம்மை மறக்கின்றார். இவரை இன்னும் சற்று ஆடவிடலாமா, தாளத்தைத் தணிக்கவேண்டுமா, நீர் தெளித்துத் திருநீறு இடவேண்டுமா என்பதை அந்தக் கணத்திலேயே முடிவுசெய்யவேண்டும். சற்று முந்தினால் கூத்துக் குன்றும். சற்றுப் பிந்தினால் ஆள் விழுவார். பெற்றோரின் ஐயத்திற்கு விடை இங்கேயே கிடைக்கின்றது. காப்புக் கட்டுதல் கதைக்குள் நுழையும் வாயில். காப்பு அவிழ்த்தல் மீளும் வாயில். இரு வாயிலிலும் ஆசான் நிற்கும்வரை, உள்ளே சென்றவர் வழி தவறுவதில்லை. மேசையாட்டம் ஆடும் பிள்ளைகளுக்கும் இதுவே விதியாதல் வேண்டும். ஆட்டம் தொடங்கும் நேரத்தையும் முடியும் நேரத்தையும் வகுத்து, எவர் முகம் வாடினும் ஆட்டத்தை நிறுத்தத் துணிந்த ஒருவர் அங்கு இருப்பாராயின் பெற்றோர் அஞ்சத் தேவையில்லை.

இங்கே ஒரு வினா எழலாம். மேசையாட்டத்தில் முடிவு எவருக்கும் தெரியாது. காமன் கூத்திலோ காமன் எரியப்போவது சின்னஞ்சிறு குழந்தைக்கும் தெரியும். முடிவு தெரிந்த கதையில் ஆட்டம் எங்கே இருக்கின்றது?

முடிவில் இல்லாவிடினும், முடிவை நோக்கிச் செல்லும் வழியில் இருக்கின்றது என்பதே நம் விடை. போகாதே என்று ரதி தடுத்து வாதாடுகின்றாள். போகவேண்டும் என்று மன்மதன் பிடிவாதம் செய்கின்றான். ஒவ்வோர் ஆண்டும் அதே வாதம்தான். ஆயினும் ஆடுபவர் மாறும்போது அதன் பொருளும் மாறுகின்றது. வேலை தேடி வீட்டைவிட்டுப் புறப்படும் மகனைத் தடுக்கும் தாய் அந்தப் பாட்டில் தன் குரலைக் கேட்கின்றாள். கணவனை இழந்தவள் ரதியின் புலம்பலில் தன் துயரைக் காண்கின்றாள். தகனம் நிகழ்ந்த பின்னும் வழக்கு முடிவதில்லை. தமிழகத்தில் காமன் எரிந்தான் என ஒரு கட்சியும் எரியவில்லை என மறு கட்சியுமாக நின்று லாவணி பாடி வாதிடும் மரபு உண்டு. ஆதலால், முடிவு தெரிந்த கதை மூடிய கதையன்று. அதனை மீண்டும் மீண்டும் திறந்துவைக்க வல்லவரே சிறந்த ஆசான்.

இனி நம் உள்ளத்தை உறுத்தும் செய்திக்கு வருவோம். இத்தகைய ஆசான்கள் அருகிவருகின்றனர். 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையக மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஆம் ஆண்டின் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேரை இலங்கை ஏற்பதென்றும் வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரின் கணக்கு 1974 ஆம் ஆண்டில் சமபாதியாகப் பிரிக்கப்பட்டது. ஒரே லயத்தில் அண்ணன் இங்கும் தம்பி அங்குமாகப் பிரிந்த காலம் அது. தப்படிப்பவர் கப்பலேறினால் ஆடுபவர் என் செய்வார்? மாஸ்டர் போனால் கொப்பியும் உடன் போகுமன்றோ? எஞ்சியோரின் பிள்ளைகளோ இன்று கொழும்பின் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் செல்கின்றனர். மாசியில் விடுமுறை கிடைத்தால் வந்து பார்ப்பார்கள். பார்ப்பது வேறு, பயில்வது வேறு.

பாடல்களைப் பதிவுசெய்யும் முயற்சிகள் நடைபெறாமல் இல்லை. அவை பாராட்டுக்குரியவை. பிரெண்டா பெக் என்னும் கனடிய மானிடவியலாளர் 1965 ஆம் ஆண்டில் கொங்கு நாட்டில் பொன்னர் சங்கர் கதையை இரவிரவாகப் பாடக் கேட்டு ஒலிப்பதிவு செய்தார். பிற்காலத்தில் அதனைச் சித்திரப் படத் தொடராகவும் ஆக்கினார். நம் மலையகத்துக் கலைகளைப் பற்றியும் மாத்தளை வடிவேலன் முதலியோர் எழுதிவைத்துள்ளனர். ஏட்டில் ஏறிய பாட்டு அழியாது என்பது மெய்யே. ஆனால் ரதி வேடத்தை இவருக்குக் கொடு, அவருக்குக் கொடாதே என்ற அறிவு எந்த ஏட்டில் ஏறியது? தாளத்தைத் தணிக்கும் கணத்தை எந்த ஒலிநாடா காட்டும்? கதையைத் தெரிந்தவர் பலர். கதையை நடத்தத் தெரிந்தவர் சிலர். காக்கப்படவேண்டியது அந்தச் சிலரிடத்துள்ள அறிவே என்பது நம் துணிபு.

ஆகவே மாணவச் செல்வங்களுக்கு நாம் கூறுவது இதுதான். உங்கள் தோட்டத்தில் கூத்து மாஸ்டர் ஒருவர் இருப்பாராயின் அவரிடம் செல்லுங்கள். பாட்டை மட்டும் கேட்டு எழுதிக்கொண்டு திரும்பாதீர்கள். “ஐயா, அந்த ஆண்டு மன்மதன் வேடத்திற்கு அவரை ஏன் தெரிந்தெடுத்தீர்கள்? வேடம் கேட்டுக் கிடைக்காதவரை எவ்வாறு சமாதானப்படுத்தினீர்கள்? எப்போது தப்பை நிறுத்தச் சொல்வீர்கள்?” என்று கேளுங்கள். அவர் சொல்லும் விடையில் ஒரு ஊரையே நடத்தும் கலை அடங்கியிருக்கக் காண்பீர்கள். இயலுமாயின் ஒரு மாசியிலேனும் அவர் அருகில் நின்று எடுபிடி வேலை செய்யுங்கள். அந்தக் கலை அவ்வாறுதான் கைமாறும்.

மேசையாட்டம் ஆடும் இளைஞர்களுக்கும் ஒரு சொல். அந்நிய நாட்டுக் குகைகளும் கோட்டைகளும் உங்களுக்கு உவப்பாயிருக்கலாம், அதில் குற்றமில்லை. எனினும் அடுத்த முறை ஆசானாக அமர்பவர், ஒன்பது கொடுமுடிகளில் மேகம் இறங்கும் ஓர் இரவைக் கதைக்களமாக்கிப் பார்க்கட்டும். துன்ஹிந்த அருவியின் இரைச்சலும், இராவணன் பெயர் தாங்கிய எல்லக் குகையும், கதிர்காமத்துக் காட்டுப்பாதையும் அவருக்குத் துணை வரும். தேவர்களின் ஆணைக்கும் மனைவியின் கண்ணீருக்கும் இடையே நிற்கும் ஒருவன் என் செய்வான் என்று தோழர்களைக் கேட்கட்டும். அந்த வினாவுக்குப் பகடை விடை சொல்லாது, அவர்களேதான் சொல்லவேண்டும்.

பெற்றோர்களே, தாய்மார்களே! பிள்ளைகள் வேடம் புனைவதைத் தடுக்க முயலாதீர்கள். அவர்களை நடத்திச் செல்லவும் வீட்டுக்கு மீட்டுக்கொணரவும் தக்க ஆசான் ஒருவர் உண்டா என்று மட்டும் பாருங்கள். இல்லையெனில், அந்தப் பிள்ளைகளுள் ஒருவரை அத்தகைய ஆசானாக வளர்த்தெடுங்கள். வரும் மாசியில் தப்பு முழங்கும் திசையில் அவரை அனுப்பிவைத்தல் அதற்கு நல்ல தொடக்கமாகும்.