கதவைத் தட்டாமல் நுழையும் அலுவலகம்

வேலை நேரம் முடிந்த பிறகு அலுவலகத்திலிருந்து வரும் அழைப்புக்கும் மின்னஞ்சலுக்கும் பதில் தராமல் இருக்க ஊழியருக்கு உரிமை உண்டு என்று கூறும் தனிநபர் மசோதாவை, 2025 டிசம்பர் 5 அன்று சுப்ரியா சுலே எம்.பி. மக்களவையில் அறிமுகப்படுத்தினார். இதே போன்ற மசோதாவை அவர் 2018 இறுதியிலேயே கொண்டு வந்தார், நிறைவேறவில்லை. நம் நாட்டில் தனிநபர் மசோதா ஒன்று கடைசியாகச் சட்டமானது 1970-இல். ஆகவே இதுவும் சட்டமாகும் என்று பெரிதாக எதிர்பார்ப்பதற்கில்லை. பிரச்சினையோ நம் வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

காஞ்சிபுரத்துக்கு வீட்டிலிருந்து வேலை செய்வது புதிதல்ல. பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் வீடும் தொழிற்கூடமும் ஒன்றுதான். நெசவாளர் தறியில் இருப்பார். மனைவி தார் சுற்றுவார். கோர்வைச் சேலை என்றால் இருவர் சேர்ந்தால்தான் நெய்ய முடியும். கூலி சேலைக்குத்தான், நேரத்துக்கு இல்லை. அந்த வாழ்க்கையை இனிப்பாகப் பேச நான் வரவில்லை. தார் சுற்றிய பெண்ணின் உழைப்பைக் கணக்கில் எழுதியவர் யார்? ஆனாலும் தறிக்கு ஒரு எல்லை இருந்தது. மழைக்காலத்தில் தறிக்குழியில் நீர் ஊறினால் வேலை நிற்கும். பாவு முடிந்தால் வேலை முடிந்தது. இரவு பதினொரு மணிக்குத் தறி யாரையும் கூப்பிடாது.

மடிக்கணினி கூப்பிடுகிறது. 2020 மார்ச் ஊரடங்கில் வீட்டுக்கு வந்த வேலை, பல மென்பொருள் நிறுவனங்களில் இன்னும் பாதியாவது வீட்டிலேயே இருக்கிறது. விடியலில் பேருந்து பிடித்து பழைய மகாபலிபுரம் சாலைக்கு ஓடிய பிள்ளைகள், வாடகையும் அலைச்சலும் மிச்சம், அல்ஹம்துலில்லாஹ் என்றார்கள். மிச்சமான நேரம் எங்கே போனது என்று இப்போது அவர்களைக் கேட்டுப் பாருங்கள். குளிர்காலத்தில் நியூயார்க்கில் காலை 9 மணி என்றால் நமக்கு இரவு 7.30. இங்கே இஷா பாங்கு சொல்லும் வேளையில் அங்கே அலுவலகம் திறக்கிறது. பகலில் சென்னைக்கு, இரவில் அமெரிக்காவுக்கு என்று இரண்டு வேலை நாட்களை ஒருவரே சுமக்கிறார். வீட்டாரோ, ‘வீட்டில்தானே இருக்கிறான்’ என்று ரேஷன் கடைக்கும் அனுப்புகிறார்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் பணிச்சோர்வை, நிர்வகிக்கப்படாத வேலை அழுத்தத்தின் விளைவு என்று வரையறுத்தது. ஆற்றல் வற்றிப்போதல், வேலைமீது வெறுப்பு, திறன் குறைதல் ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள். அதே நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் வெளியிட்ட ஆய்வின்படி, வாரம் 55 மணி நேரத்துக்கு மேல் உழைப்பவருக்குப் பக்கவாத ஆபத்து, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவரைவிட 35 சதவீதம் கூடுதல். இதற்குப் பிறகும் 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் வாரம் 90 மணி நேர வேலையை விரும்பிப் பேசினார். தினமும் பதின்மூன்று மணி நேரத்துக்கு அருகில், ஞாயிறும் சேர்த்து! வீட்டில் சமைப்பதும் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்புவதும் வேறு யாரோ என்பவர்தான் இப்படிக் கணக்குப் போட முடியும்.

நம் குடும்பங்களில் இதன் சுமை அதிகம் விழுவது பெண்கள்மீது. ‘வீட்டிலிருந்தே என்றால் சரி’ என்ற நிபந்தனையோடுதான் பல மருமகள்களுக்கு வேலைக்கு அனுமதி கிடைக்கிறது. மேலாளரிடம் நேரத்தைப் பற்றி வாய் திறந்தால் அலுவலகத்துக்கே வரச் சொல்லிவிடுவார் என்ற பயம். வீட்டில் சோர்வைச் சொன்னால் வேலையை விட்டுவிடு என்பார்கள் என்ற பயம். இரண்டுக்கும் நடுவில் அவள் மௌனமாகிறாள். குக்கர் விசில் மீட்டிங்கில் கேட்டுவிடக் கூடாதே என்று ஒலியை அணைத்துவிட்டுச் சமைக்கிற பெண்ணை, வசதியாக வீட்டில் உட்கார்ந்து சம்பாதிக்கிறாள் என்று சொல்ல நமக்கு எப்படி மனம் வருகிறது?

வீட்டுக்குள் நடக்கும் வேலைக்குச் சட்டம் எட்டாது என்பதும் தவறு. நம் சமுதாயப் பெண்கள் ஏராளமானோர் சுற்றிய பீடிக்காக 1966-இல் வந்த சட்டம், வீட்டிலிருந்து வேலை செய்பவரையும் தொழிலாளி என்றே ஏற்றது. அதை எதிர்த்து முதலாளிகள் தொடுத்த வழக்கில் 1974-இல் உச்ச நீதிமன்றம் சட்டத்தின் பக்கம் நின்றது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947, நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரம்பு வைத்து, மிகுதி நேரத்துக்கு இரட்டிப்பு ஊதியம் கேட்கிறது. 2023 ஏப்ரலில் தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியும், எதிர்ப்பு எழுந்ததால் மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. கேட்டவர்களால் கிடைத்தது அது.

சூரத்துந் நூரின் 58-ஆம் வசனத்தை நாம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். ஃபஜ்ருக்கு முன், நண்பகல் ஓய்வில், இஷாவுக்குப் பின் என்ற மூன்று வேளைகளில் வீட்டில் உள்ள சிறுவர்கூட அனுமதி கேட்டே உள்ளே வர வேண்டும். பெற்ற பிள்ளைக்கே அந்த ஒழுங்கு இருக்கும்போது, மேலாளரின் வாட்ஸ்அப் செய்தி மட்டும் படுக்கை வரை கேட்காமல் வருகிறது. இஷாவுக்குப் பிந்திய வீண் பேச்சை நபி (ஸல்) அவர்கள் விரும்பவில்லை என்பதும் நமக்குத் தெரிந்த ஹதீஸ்தான்.

பிள்ளைகள் இதை ஒரே நாளில் மாற்ற முடியாது. வேலை போய்விடும் என்ற அச்சம் நியாயமானது. ஷிஃப்ட் நேரத்தை மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்ளலாம். இரவு ஷிஃப்ட் என்றால் பகல் தூக்கத்தை வீட்டார் இரவுத் தூக்கம்போல் காக்கலாம். விருந்தாளி வந்தாலும் எழுப்ப வேண்டாம். ஒரே அறை உள்ள வீடானால் வேலை முடிந்ததும் கணினியைப் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். மேசை மறுபடி சாப்பாட்டு மேசையாகட்டும். வாரக்கணக்கில் தூக்கம் கெட்டு, தொழுகையில்கூட மனம் நிற்கவில்லை என்று ஒருவர் சொன்னால், ஈமான் பலவீனம் என்று தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். ஓதிப் பார்ப்பதோடு மருத்துவரிடமும் அழைத்துச் செல்லுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.