குடும்ப நலம்: பதினைந்து நாட்களுக்குப் பின்

பொருள் தேடித் தாயகம் விட்டு வந்த நம் குடும்பங்களில், ஒரு பருவம் கடந்தபின் தவறாது எழும் கேள்வி ஒன்றுண்டு. ஊரில் தனித்திருந்த தாயாருக்கோ தந்தையாருக்கோ பாரிசவாயு கண்டுவிட்டது. அவரை இங்கே அழைத்து வந்தாயிற்று. இனி ஆண்டுக்கணக்கில் தொடரவிருக்கும் பராமரிப்புச் செலவுக்கு அரசாங்கத்தின் மருத்துவத் திட்டங்களிலிருந்து உதவி கிடைக்குமா என்பதே அக்கேள்வி. உதவி உண்டு. ஆயினும் அது எதுவரை வரும், எங்கே நின்றுவிடும் என்பதை முன்னரே அறிந்திருத்தல் வேண்டும். அறியாதார் மருத்துவமனை வாயிலில் திகைத்து நிற்க நேரிடும்.

முதலாவது, 2018 ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ஆயுஷ்மான் பாரத் திட்டம். 2024 அக்டோபர் முதல், 70 வயது நிறைந்தோர் அனைவரும், வருமானம் எதுவாயினும், இதன் பயனைப் பெறலாம் என விதி விரிவுபடுத்தப்பட்டது. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை சிகிச்சை இலவசம். பெற்றோர் இருவரும் எழுபதைக் கடந்தவராயின் அத்தொகை இருவருக்கும் பொதுவாகும். வயதுக்குச் சான்று ஆதார் அட்டையே. ஆதலின் அதிலுள்ள பிறந்த தேதி பிழைபட்டிருப்பின் நோய் வருமுன்னரே திருத்திக்கொள்ளுதல் நலம். திட்டத்தில் இணைந்த மருத்துவமனைகளில் வெளி மாநிலத்தாரும் சிகிச்சை பெற இடமுண்டு எனினும், நோயாளியை அழைத்துச் செல்லுமுன், அவரது அட்டையை ஏற்பார்களா என்று அம்மருத்துவமனையிலேயே கேட்டறிக. 14555 என்னும் தொலைபேசி எண்ணிலும் விசாரிக்கலாம்.

இத்திட்டத்தின் எல்லையை இங்கே தெளிவாகக் கூறல் வேண்டும். இது மருத்துவமனையிற் படுத்திருக்கும் காலத்துக்கு உரியது. வீடு திரும்பியபின் 15 நாட்கள் வரையிலான மருந்துக்கும் மேற்பார்வைக்கும் வழியுண்டு. அதற்குப் பின்னரே உண்மையான பாரம் தொடங்குகின்றது. பக்கவாதமுற்றவரை இரவில் இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்கவைத்தல், படுக்கைப்புண் வாராமற் காத்தல், குழாய் வழியே உணவூட்டல், இயன்முறைப் பயிற்சி, உதவியாளின் மாதச் சம்பளம் ஆகியவற்றுள் ஒன்றேனும் இத்திட்டத்தில் அடங்காது. தனியார் காப்பீட்டிலும் நிலைமை ஏறத்தாழ இதுவே. குளிப்பாட்டுதல், உடை மாற்றுதல், நடக்கத் துணை நிற்றல் போன்ற அன்றாடப் பணிவிடைக்கு ஆகும் செலவு பாலிசிகளின் விலக்குப் பட்டியலில் வழக்கமாகக் காணப்படுவது. பணம் கட்டுமுன் அப்பகுதியை ஒருமுறை படித்துப் பார்த்தல் நன்று.

இரண்டாவது, மத்திய அரசு ஊழியர்க்குரிய சுகாதாரத் திட்டம். 1954 இல் தில்லியில் தொடங்கிய இதில், ஊழியரைச் சார்ந்து வாழும் பெற்றோரும் சேர்வர். அவர்தம் மாத வருமானம் 9,000 ரூபாயும் அதற்குரிய பஞ்சப்படியும் சேர்ந்த தொகையைக் கடத்தலாகாது. இதில் அன்றாட மருந்துகளும் கிடைக்கும். பிராணவாயுச் செறிவூட்டி போன்ற சில கருவிகளுக்கு, விதித்த உச்சவரம்புக்குள் ஈட்டுத்தொகையும் பெறலாம். ஆகவே நெடுநாள் நோயாளிக்கு இது பெருந்துணை. ஈண்டு ஓர் எச்சரிக்கை: இத்திட்டத்தில் உள்ள முதியோர், ஆயுஷ்மான் பாரத், இத்திட்டம் ஆகிய இரண்டனுள் ஒன்றையே தேர்ந்துகொள்ளல் வேண்டும். 5 இலட்சம் என்னும் சொல்லில் மயங்கி, நாள்தோறும் மருந்து தரும் திட்டத்தைக் கைவிடுதல் தகாது. தொழிற்சாலைகளிலும் நிறுவனங்களிலும் பணிபுரிவோர், தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் தம் பெற்றோர் பெயரைப் பதிவு செய்ய இயலுமா என்று அலுவலகத்தில் விசாரித்துக்கொள்வாராக.

மூன்றாவது வழியை நம்மவர் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. பாரிசவாயுவால் கையும் காலும் நிலையாகச் செயலிழந்தவர், 2016 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். நடுக்குவாத நோயும் அச்சட்டத்திற் கூறப்பட்டுள்ளது. குறைபாடு 40 விழுக்காட்டுக்குக் குறையாதிருப்பின் பல சலுகைகளுக்கு அச்சான்று திறவுகோலாகும். மாத உதவித்தொகை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும்; நிரந்தர முகவரி எந்த மாநிலத்தில் உள்ளதோ அதுவே பெரும்பாலும் கணக்கில் கொள்ளப்படும். இது காரணமாக, தாயாரை ஊரிலிருந்து அழைத்து வரும் அவசரத்தில் குடும்ப அட்டையில் பெயரை நீக்கிவிடாதீர்கள். ஊரில் எவ்வுதவி உண்டு, இங்கே எவ்வுதவி உண்டு என்று இரண்டையும் ஒப்பிட்ட பிறகே முகவரியை மாற்றுக. தமிழகத்தில் 2021 இல் தொடங்கப்பெற்ற மக்களைத் தேடி மருத்துவம், இல்லத்திற்கே சென்று இயன்முறைச் சிகிச்சையும் நோய்தணிப்புப் பணியும் அளிக்கும் நோக்கமுடையது. கேரளத்திலோ 2008 ஆம் ஆண்டுக் கொள்கைக்குப் பின், உள்ளாட்சி மன்றங்களே இல்லந்தோறும் செவிலியரை அனுப்பும் முறை வேரூன்றியது. சில வேளைகளில் நோயாளியை நம்மிடம் அழைத்து வருவதினும், ஊரிலேயே வைத்து உடன்பிறந்தோர் செலவைப் பகிர்ந்துகொள்வது மேலாகலாம்.

செலவைப் பகிர்தல் என்பது வெறும் மனவிருப்பம் அன்று. 2007 ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டம், வயதுவந்த மக்கள் அனைவர்க்கும் இக்கடமையை விதிக்கின்றது. மருத்துவச் செலவும் பராமரிப்பில் அடங்கும் என்கிறது. வழக்கு மன்றம் ஏறுதல் நம் நோக்கமன்று. ஆயினும் மாதச் செலவைத் தாளில் எழுதி, அண்ணன் தம்பி, அக்காள் தங்கை யாவரும் ஒருமுறை கலந்து பேசல் வேண்டும். அக்கணக்கில் மருமகள் வேலையை விட்டு நின்றதால் இழந்த சம்பளமும் ஒரு வரியாக இடம்பெறுதல் நீதி. பல இல்லங்களில் அரசு தாராத பணத்தை ஓசையின்றித் தருபவள் அவளே.

மருத்துவமனையை விட்டுப் புறப்படும் நாளில், நோயாளியின் நிலைமையை விரிவாகக் குறித்த அறிக்கையைக் கேட்டுப் பெறுக. "உடல்நிலை சீர்" என்னும் ஒற்றை வரி போதாது. தாமாக எழ இயலுமா, உண்ண இயலுமா, பேசினால் விளங்குமா என்பன அதில் இருப்பின், பின்னர் எழுதும் ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் அது துணை செய்யும்.

நம் சங்கங்கள் ஆற்றக்கூடிய பணியும் ஒன்றுண்டு. தமிழன்றி வேறறியாத மூதாட்டியிடம் மருத்துவர் இந்தியிலோ மராத்தியிலோ கேள்வி கேட்டால் அவர் வாளாவிருப்பார். பேச்சிழந்தார் என்றோ நினைவிழந்தார் என்றோ தாளில் எழுதப்பட்டுவிடும். உண்மையில் பேச்சு பாதிக்கப்பட்டிருப்பினும், அது மொழியறியாமை எனக் கருதப்பட்டு விடுபட்டுப் போவதுண்டு. இரண்டும் தீங்கே. சோதனை நாளில் உடன்சென்று மொழிபெயர்க்க ஒப்பும் உறுப்பினர் பெயர்ப்பட்டியல் ஒன்றும், முறைவைத்து இரவல் தரச் சக்கர நாற்காலியும் காற்று மெத்தையும் ஒவ்வொரு கிளையிலும் இருத்தல் வேண்டும். இவற்றுக்கு அரசாங்க ஆணை தேவையில்லை. அடுத்த செயற்குழுவிலேயே தீர்மானம் நிறைவேற்றலாம். அதனுடன், மருத்துவமனைக் கட்டிலுக்குக் கிடைக்கும் உதவி வீட்டுக் கட்டிலுக்கும் கிடைத்தல் வேண்டும் என்று அரசுக்கு ஒரு விண்ணப்பமும் அனுப்புவோமாக.